மருந்து போட்ட மாட்டின் சாணியை என்ன செய்வது? பெங்களூரு சுற்றுவட்டாரத்தில் மாடு வைத்திருப்போருக்கும் எரு வாங்குவோருக்கும் ஒரு வழிகாட்டி

ஆனேக்கல், அத்திபெலே, சர்ஜாபுரம் பக்கம் அரை ஏக்கர், ஒரு ஏக்கர் வாங்கி இரண்டு மாடு கட்டியிருக்கும் தமிழ்க் குடும்பங்கள் நிறைய. நகருக்குள் மாடித் தோட்டத்துக்கு மூட்டை மூட்டையாக எரு வாங்குபவர்களும் அதே அளவுக்கு இருக்கிறார்கள். இரு தரப்பும் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. மாட்டுக்குப் போடும் மருந்துகளில் சில, உடம்பில் வேலையை முடித்த பிறகும் பெரும்பங்கு உருமாறாமல் சாணியிலும் கோமியத்திலும் வெளியே வருகின்றன. அந்தச் சாணி மண்ணுக்குப் போகிறது. அதைத் தின்னும் வண்டு, வண்டைத் தின்னும் பறவை, மழையோடு ஏரிக்குப் போனால் அங்கிருக்கும் மீன் என்று சங்கிலி நீள்கிறது.

இதற்காக நோய்ப்பட்ட மாட்டுக்கு வைத்தியம் பார்க்காமல் இருக்கச் சொல்லவில்லை. மாடு துன்பப்படக் கூடாது. மருந்து போட்ட பிறகு, மருந்தைப் பொறுத்து முதல் 2 அல்லது 4 வாரச் சாணியைத் தனியாகப் பிரித்துச் சூடாக மக்க வைக்க வேண்டும். இந்தக் கட்டுரையில் சொல்லப்போகும் வேலையில் பெரும்பகுதி இதுதான். இதற்குச் செலவு அதிகமில்லை, ஒழுங்குதான் வேண்டும்.

முதலில், எந்த மருந்து எப்படிப்பட்டது

மண்ணைப் பொறுத்தவரை அதிகக் கவனம் கேட்பது ஐவர்மெக்டின். 1 சதவீத ஊசியாக, 50 கிலோ உடல் எடைக்கு 1 மில்லி என்ற கணக்கில் தோலுக்கு அடியில் போடுவார்கள். மனிதர்களின் புழு நோய்களுக்கும் இது பெரும் உதவி செய்த மருந்து. கண்டுபிடித்த சதோஷி ஓமுராவுக்கும் வில்லியம் கேம்பலுக்கும் 2015-இல் நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் மாட்டுக்குப் போட்டால் அதன் பெரும்பங்கு சாணி வழியாகத்தான் வெளியேறும். முதல் வாரத்தில் செறிவு உச்சத்தில் இருக்கும். பிறகு குறைந்துகொண்டே வந்தாலும், சாணி வண்டின் புழுக்களைக் கொல்லும் அளவு சில வாரங்கள் நீடிக்கும். நேரடி வெயில் பட்டால் இந்த மருந்து வேகமாகச் சிதையும். சாணிக்குள்ளோ மண்ணுக்குள்ளோ புதைந்துவிட்டால் மண் துகள்களை இறுகப் பற்றிக்கொள்ளும். வெப்பமான காலத்தில் வாரக்கணக்கிலும் குளிரில் மாதக்கணக்கிலும் அங்கேயே கிடக்கும். டோராமெக்டினும் எப்ரினோமெக்டினும் இதே குடும்பம், இதே குணம். மோக்சிடெக்டினும் உறவுதான், ஆனால் வண்டுகளுக்கு அதன் தீங்கு குறைவு. இன்னொன்றையும் நினைவில் வையுங்கள்: ஐவர்மெக்டின் ஊசியைப் பால் கறக்கும் மாட்டுக்குப் போடக் கூடாது.

ஃபென்பெண்டசோல், அல்பெண்டசோல் போன்ற குடற்புழு மருந்துகள் சாணி வண்டுகளுக்கு ஒப்பீட்டளவில் சாது. லெவாமிசோலும் அப்படியே. சினைபிடித்த முதல் மாதங்களில் அல்பெண்டசோல் தரக் கூடாது என்பதை மட்டும் மறக்க வேண்டாம். அது கன்றின் வளர்ச்சியைக் கெடுக்கும்.

உண்ணிக்குத் தெளிக்கும் டெல்டாமெத்ரின், சைபர்மெத்ரின் இரண்டும் பூச்சிக்கும் மீனுக்கும் கொடிய நஞ்சு. மாட்டின் முதுகில் தெளித்த மருந்து சாணி வழியாகவும் வண்டுகளைக் கொல்லும். மாட்டைக் குளிப்பாட்டிய தண்ணீர் குளத்தில் கலந்தால் மீன் செத்து மிதக்கும். ஆனேக்கல், ராமநகரம், சிட்லகட்டா பக்கங்களில் இன்னொரு ஆபத்தும் உண்டு. பட்டுப்புழுவால் இந்த மருந்துகளைத் தாங்கவே முடியாது. பக்கத்துத் தோட்டத்தில் மல்பெரி இருந்தால் காற்று அந்தப் பக்கம் வீசும்போது தெளிக்காதீர்கள். மாடு கழுவிய நீரை அந்த வரப்பில் விடாதீர்கள். வளர்க்கும் புழு மொத்தமும் செத்தால் அந்தக் குடும்பத்துக்கு ஒரு மாத வருமானமே போய்விடும்.

நுண்ணுயிர்க்கொல்லிகள் (ஆன்டிபயாடிக்) வேறு வகை. பெனிசிலின் இனம் சீக்கிரம் சிதைந்துவிடும். ஆக்சிடெட்ராசைக்ளின் களிமண்ணையும் நம் செம்மண்ணில் இருக்கும் இரும்பையும் பற்றிக்கொண்டு தங்கும், ஆனால் சூடான மக்கல் அதை நன்றாகக் குறைக்கும். என்ரோஃப்ளாக்சசினும் இறுகப் பற்றும், மக்கலுக்கும் எளிதில் மசியாது. சல்ஃபா மருந்துகள் மண்ணில் நிற்காமல் தண்ணீரோடு நகர்ந்து கிணற்றுப் பக்கம் போகும். இவற்றின் கேடு வண்டைக் கொல்வதில் இல்லை. மருந்துக்கு அடங்காத கிருமிகள் மண்ணில் பெருகுகின்றன, அதுதான் கேடு. இந்தக் காரணத்தால்தான் கோலிஸ்டினை உணவுக்கான விலங்குகளில் பயன்படுத்த இந்தியா 2019-இல் தடை விதித்தது.

குளம்பு நோய்க்கு மயில்துத்தக் கரைசலில் மாட்டை நிறுத்துவார்கள். அந்தக் கரைசலைச் சாணிக் குழியில் கொட்டும் பழக்கம் பல தொழுவங்களில் இருக்கிறது. மருந்தாவது ஒருநாள் சிதையும். மயில்துத்தத்தில் இருக்கும் செம்பு சிதையாது, வருடத்துக்கு வருடம் மண்ணில் சேர்ந்துகொண்டே போகும்.

வண்டு போனால் என்ன போகிறது

சாணி வண்டுகளில் சில உருட்டிக்கொண்டு போகும், சில சாணிக்கு அடியிலேயே சுரங்கம் தோண்டிப் புதைக்கும், சில சாணிக்குள்ளேயே குடியிருக்கும். நம் பக்கம் அதிகம் காண்பது சுரங்கம் தோண்டும் வகை. அவை தோண்டுவதால் மண்ணுக்குக் காற்றும் நீரும் இறங்குகின்றன, சாணியின் தழைச்சத்து ஆவியாகாமல் வேருக்குப் போகிறது, ஈயும் குடற்புழு முட்டையும் குறைகின்றன. ஐவர்மெக்டின் கலந்த சாணியில் தாய் வண்டு பெரும்பாலும் உயிரோடு இருக்கும், அதன் புழுக்கள் வளராது. செறிவு குறைவாக இருந்தாலும் தாய் வண்டின் மோப்ப உணர்வும் தசை வலுவும் குன்றும். ஆகவே வண்டு கண்ணில் படுகிறது என்பதாலேயே எல்லாம் நலம் என்று முடிவு கட்ட முடியாது. அடுத்த தலைமுறை வருகிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

மேய்ச்சல் நிலத்தில் சாணியைக் கிளறித் தின்னும் உண்ணிக்கொக்கு, கொண்டலாத்தி, மைனா, மாலையில் வண்டு பிடிக்கும் புள்ளி ஆந்தை, பனங்காடை, வௌவால் எல்லாம் இந்தப் புழு பூச்சிகளை நம்பித்தான் இருக்கின்றன. ஹெசரகட்டா புல்வெளிக்குக் குளிர்காலத்தில் வரும் பூனைப்பருந்துகளும் வெட்டுக்கிளி, சிறு பிராணிகள் என்று அந்தப் புல்லில் வாழ்வதைத்தான் வேட்டையாடுகின்றன. ஏரியைப் பொறுத்தவரை, மீன் குஞ்சுக்கு உணவாகும் நீர்த்தெள்ளு ஐவர்மெக்டினின் மிக மிக நுண்ணிய அளவையும் தாங்காது. சாணிக் குழியின் கசிவு ஏரிக்குப் போகக் கூடாது என்று இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

படி 1: காலண்டர் பார்த்து ஊசி போடாதீர்கள், சாணியைச் சோதியுங்கள்

மூன்று மாதத்துக்கு ஒருமுறை எல்லா மாட்டுக்கும் பூச்சி மருந்து என்பது பரவலான வழக்கம். தேவையில்லாத மருந்து மண்ணுக்குப் போவதில் பெரும்பங்கு இங்கிருந்துதான் வருகிறது. மருந்துக்கு அடங்காத புழுக்கள் உருவாவதும் இதனால்தான்.

காலையில் மாடு போட்டவுடன், தரையில் படாத மேல்பகுதியிலிருந்து 10 முதல் 20 கிராம் சாணி எடுங்கள். சுத்தமான பிளாஸ்டிக் டப்பாவில் காற்று அதிகம் இல்லாமல் அடைத்து, மாட்டின் பெயரும் தேதியும் எழுதுங்கள். அன்றே தாலுகா கால்நடை மருத்துவமனையிலோ ஹெப்பாள் கால்நடை மருத்துவக் கல்லூரியிலோ கொடுக்கலாம். மறுநாள் ஆகும் என்றால் குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வையுங்கள், உறைய விடாதீர்கள். வெயிலில் வண்டியில் கிடந்தால் முட்டை பொரிந்து கணக்கு கெட்டுவிடும்.

இரண்டு சோதனை கேளுங்கள். உருண்டைப் புழு முட்டைக்கு மிதக்கவிடும் முறை, தட்டைப் புழு முட்டைக்குப் படியவிடும் முறை. ஏரிக்கரைப் புல் அறுத்துப் போடுபவர்களுக்கு இரண்டாவது கட்டாயம். நத்தை இருக்கும் இடத்தில் ஈரல் தட்டைப் புழு வரும், ஐவர்மெக்டினால் அதை ஒன்றும் செய்ய முடியாது. மாடு மெலிகிறதே என்று மறுபடி மறுபடி ஐவர்மெக்டின் போடுபவர்கள் பலர். நோயும் தீராமல் மண்ணும் கெடுவது இந்த இடத்தில்தான். தட்டைப் புழுவுக்கு ஆக்சிக்ளோசனைடு போன்ற மருந்துகள் தனியாக இருக்கின்றன.

வளர்ந்த மாட்டின் முட்டைக் கணக்கு குறைவாக இருந்து, தீனி எடுத்து, முடி மினுமினுப்பாக இருந்தால் மருந்து இல்லாமல் விடலாமா என்று மருத்துவரைக் கேளுங்கள். கன்றுகளுக்கு இந்தத் தாராளம் கூடாது. அவற்றைப் புழு சீக்கிரம் சாய்த்துவிடும்.

படி 2: எடை போட்டு, காலம் பார்த்து

கண் மதிப்பில் எடை சொன்னால் பெரும்பாலும் தவறும். கூடினால் மண்ணுக்கு அதிகம் போகும், குறைந்தால் புழு சாகாமல் பழகிக்கொள்ளும். தையல் நாடாவை முன்னங்காலுக்குப் பின்னால் மார்பைச் சுற்றிப் பிடித்துச் சுற்றளவு பாருங்கள். தோள் முனையிலிருந்து பின்புட்டத்து எலும்பு வரை நீளம் பாருங்கள். இரண்டும் சென்டிமீட்டரில். சுற்றளவைச் சுற்றளவால் பெருக்கி, நீளத்தால் பெருக்கி, 10,840-ஆல் வகுத்தால் எடை கிலோவில் வரும். சுற்றளவு 170, நீளம் 140 என்றால் சுமார் 373 கிலோ. அந்த மாட்டுக்கு 1 சதவீத ஐவர்மெக்டின் ஏழரை மில்லி. பழக்கத்தில் 10 மில்லி ஏற்றிவிடுவதைப் பார்க்கலாம், அதில் கால்வாசி வீண்.

காலம் என்பது இதைவிட முக்கியம். பெங்களூரில் ஏப்ரல், மே மாத இடிமழைக்குப் பின் சாணி வண்டுகள் மண்ணிலிருந்து எழுந்து முட்டையிடத் தொடங்கும். மழைக்கு முன் ஒரு ஊசி என்ற வழக்கம் சரியாக அந்த வாரங்களில் வந்து விழுகிறது. வண்டுகளுக்கு இதைவிட மோசமான நேரம் கிடையாது. மருத்துவரிடம் நேராகவே கேளுங்கள்: "டாக்டர், மழை தொடங்கிடுச்சு, வண்டு கிளம்புற நேரம். இதுக்கு ஃபென்பெண்டசோல் போதுமா?" சொறிப் பூச்சி போல ஐவர்மெக்டின்தான் வேண்டும் என்ற நிலை இருந்தால் போட்டே ஆக வேண்டும். அப்போது ஊசி போட்ட மாட்டை 2 வாரமாவது மேய்ச்சலுக்கு விடாமல் தொழுவத்தில் கட்டித் தீனி போடுங்கள். எல்லா மாட்டுக்கும் ஒரே நாளில் போடாமல் தேவையான மாட்டுக்கு மட்டும் போட்டால், மற்ற மாடுகளின் சாணி வண்டுகளுக்குப் புகலிடமாக இருக்கும்.

படி 3: சுவரில் ஒரு நோட்டு

தொழுவச் சுவரில் நோட்டு ஒன்றைக் கட்டித் தொங்கவிடுங்கள். மாட்டின் பெயர், மருந்தின் பெயர், செலுத்திய அளவு, தேதி, பால் விலக்கு (பாலைப் பயன்படுத்தக் கூடாத காலம்) முடியும் தேதி, சாணி விலக்கு (சாணியைத் தனியாகச் சேர்க்கும் காலம்) முடியும் தேதி. இவ்வளவு போதும். பால் விலக்கு நாள் மருந்துப் புட்டியில் அச்சிட்டிருக்கும். குறிப்பிட்ட காலம் உறுதி செய்யப்படாத மருந்துக்குப் பால், முட்டைக்குக் குறைந்தது 7 நாள், இறைச்சிக்குக் குறைந்தது 28 நாள் என்று இந்திய மருந்து விதிகள் சொல்கின்றன. சாணிக்கு விதி எதுவும் எழுதப்படவில்லை. ஐவர்மெக்டின் இனத்துக்கும் உண்ணித் தெளிப்புக்கும் 28 நாள், நுண்ணுயிர்க்கொல்லிக்குக் கடைசி ஊசியிலிருந்து 14 நாள் என்று வைத்துக்கொள்ளும்படி சொல்வோம். கொஞ்சம் தாராளமான கணக்குதான், ஆனால் பின்பற்ற எளிது.

படி 4: தனிக் குவியல்

இந்தப் படியில்தான் புதியவர்கள் அதிகம் தடுமாறுவார்கள், அதனால் நிதானமாகப் போவோம்.

400 கிலோ எடையுள்ள கலப்பின மாடு நாளுக்கு 20 முதல் 25 கிலோ சாணி போடும். 28 நாளில் 560 முதல் 700 கிலோ. இதற்கு ஒன்றரை மீட்டர் நீளம், ஒன்றரை மீட்டர் அகலத்தில் ஒரு சிமென்ட் தளம் போதும். சிமென்ட் இல்லையென்றால் கனமான தார்ப்பாயை விரித்து, நான்கு பக்கமும் செங்கல் வைத்து விளிம்பைத் தூக்கி விடுங்கள். மேலே கூரை கட்டாயம், தகரமோ தென்னங்கீற்றோ எதுவானாலும் சரி. செப்டம்பர், அக்டோபரில் பெங்களூரில் கொட்டும் மழையில் திறந்த குழியின் கசிவு எங்கே போகும் என்று சொல்லத் தேவையில்லை. தளத்தின் தாழ்ந்த மூலையில் ஒரு வாளி பதித்து, வடியும் சாற்றைத் திரும்பக் குவியல் மேலேயே ஊற்றுங்கள்.

வெறும் சாணி சூடேறாது. அதில் ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர், காற்றுப் புக இடமில்லை. ஒரு கூடை சாணிக்கு இரண்டு கூடை காய்ந்த இலையோ நறுக்கிய வைக்கோலோ சேருங்கள். நகரத் தெருக்களில் மழைமர இலையை மூட்டையாகக் கட்டி எரிக்கப் போவார்கள், கேட்டால் கொடுத்துவிடுவார்கள். தேங்காய் நார்க் கழிவு சேர்ப்பதானால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம், அது நீரைப் பிடித்துக்கொண்டு காற்றை விடாது. கோமியம் ஊறிய படுக்கை வைக்கோலும் இதே குவியலுக்குத்தான். சுண்ணாம்பு தூவாதீர்கள், தழைச்சத்தை அம்மோனியாவாக விரட்டிவிடும்.

ஈரம் சரியா என்று பார்க்க ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பிழியுங்கள். விரலிடுக்கில் ஓரிரு சொட்டு கசிந்து, கையைத் திறந்தால் உருண்டை நிற்க வேண்டும், தட்டினால் உதிர வேண்டும். தண்ணீர் ஒழுகினால் இலை போடுங்கள். உருண்டையே பிடிக்கவில்லை என்றால் தண்ணீர் தெளியுங்கள்.

குவியல் குறைந்தது 1.2 மீட்டர் உயரம் வந்தால்தான் உள்ளே சூடு தங்கும். மூன்று நான்கு நாளில் நடுப்பகுதி 55 முதல் 65 டிகிரி செல்சியசுக்கு ஏற வேண்டும். நீளமான உலோக வெப்பமானி வாங்கினால் நல்லது. இல்லாவிட்டால் கடப்பாரையை நடுவில் 10 நிமிடம் செருகி வைத்து உருவுங்கள். முனையை உள்ளங்கையில் பிடித்து வைத்திருக்க முடியாத சூடு இருந்தால் சரி. முதல் 6 வாரம், வாரம் ஒருமுறை புரட்டிப் போட வேண்டும். புரட்டுவது என்றால் மேலே கீழே கிளறுவதல்ல. வெளிப்பக்கத்தில் ஆறிக் கிடப்பதை உள்ளே தள்ளி, உள்ளே வெந்ததை வெளியே கொண்டுவர வேண்டும். புரட்டியபின் மறுபடி சூடேறாத நிலை வந்ததும் இரண்டு மூன்று மாதம் மூடி ஆற வையுங்கள்.

எல்லோரும் விடும் தவறு ஒன்று. 6 வாரக் கணக்கை முதல் கூடை போட்ட நாளிலிருந்து எண்ணுவார்கள். கடைசிக் கூடை விழுந்து, முழுவதையும் ஒருமுறை கலந்த நாளிலிருந்துதான் எண்ண வேண்டும். நடுவில் புதுச் சாணி சேர்த்தால் கணக்கு மறுபடி தொடங்கும்.

அழுகிய முட்டை நாற்றம் வந்தால் ஈரம் அதிகம், காற்று இல்லை. மூக்கைத் துளைக்கும் அம்மோனியா வந்தால் இலை போதவில்லை. சூடே ஏறாவிட்டால் குவியல் சிறியதாக இருக்கும், காய்ந்திருக்கும், அல்லது மருந்து கலந்த மடிநோய்ப் பாலைக் குடம் குடமாகக் கொட்டியிருப்பீர்கள். அந்தப் பாலைக் கன்றுக்கும் நாய்க்கும் தராதீர்கள், சாக்கடையிலும் விடாதீர்கள். காய்ந்த இலையிலோ மரத்தூளிலோ ஊறவைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகச் சூடான குவியலின் நடுவில் புதையுங்கள்.

குவியலுக்குள் விரல் தடிமனில், வளைந்து சுருண்ட வெள்ளைப் புழுக்களைக் கண்டால் சாணி வண்டு பெருகிவிட்டது என்று மகிழ வேண்டாம். அவை பெரும்பாலும் தென்னையைத் துளைக்கும் காண்டாமிருக வண்டின் புழுக்கள். சாதாரண எருக்குழியில் கண்டால் பொறுக்கிக் கோழிக்குப் போடுங்கள், ஆனால் இந்த மருந்துச் சாணிக் குவியலில் எடுத்ததைக் கோழிக்குத் தராமல் அழித்துவிடுங்கள். சாணி வண்டின் புழு சிறியது, முதுகில் திமில் போல ஒரு மேடு இருக்கும், சாணி உருண்டைக்குள் தனியே அடைந்து கிடக்கும்.

மக்கிய எருவிலும் மருந்து அறவே இல்லாமல் போகாது, குறையும். ஆகவே ஓரிடத்தில் குவிக்காமல் சதுர மீட்டருக்கு ஒன்றேகால் கிலோ என்று, அதாவது ஏக்கருக்கு 5 டன் கணக்கில், மெல்லியதாகப் பரப்புங்கள். மழை இல்லாத நாளாகப் பார்த்து ஒரு நாள் வெயிலில் விட்டு மண்ணோடு கிளறிவிடுங்கள். ஏரி, ஓடை, கிணறு இருக்கும் பக்கம் 10 மீட்டராவது எரு போடாமல் புல் வரப்பாக விட்டுவிடுங்கள்.

எரு விலைக்கு வாங்குவோருக்கு

லாரிக்காரரிடம் கேட்டால் பதில் வராது, அவருக்குத் தெரியாது. முடிந்தால் மாட்டுக்காரரிடமே வாங்குங்கள். "ஜந்து ஹுளுவின ஔஷதி யாவாக கொட்ரி?" என்று கன்னடத்தில் கேட்டால் குடற்புழு மருந்து எப்போது கொடுத்தீர்கள் என்று புரிந்துகொள்வார்கள். ஒரு மாதத்துக்கு மேல் என்றால் நல்லது. கோழி எரு கலந்ததா என்றும் கேளுங்கள். கறிக்கோழிப் பண்ணைக் கழிவில் நுண்ணுயிர்க்கொல்லி மட்டுமல்லாமல், கோழியின் ரத்தக் கழிச்சல் நோய்க்குத் (காக்சிடியோசிஸ்) தீவனத்தில் கலக்கும் மோனென்சின், சாலினோமைசின் போன்றவையும் இருக்கக்கூடும். குதிரைக்கு இவை சிறு அளவிலேயே நஞ்சு.

எரு வாங்கியதும் தொட்டியில் போடாமல், ஈரம் காய விடாமல் மூடி, 2 முதல் 3 மாதம் வையுங்கள். தொட்டியில் மொத்தக் கலவையில் கால் பங்குக்கு மேல் எரு வேண்டாம். மாடியிலிருந்து வழியும் தண்ணீர் மழைநீர் வாய்க்கால் வழியாக ஏதாவதொரு ஏரிக்குத்தான் போகிறது, அதனால் தொட்டிக்கு அடியில் தட்டு வையுங்கள்.

எருவில் மண்புழு விட்டுப் பார்த்தோம், சாகவில்லை, ஆகவே மருந்து இல்லை என்று சிலர் சொல்வதுண்டு. இதை நம்ப வேண்டாம். சாணி வண்டின் புழுவைக் கொல்லும் ஐவர்மெக்டின் அளவை மண்புழு சர்வசாதாரணமாகத் தாங்கும். பயறு முளைக்க வைத்துப் பார்க்கும் சோதனை களைக்கொல்லி எச்சத்தைத்தான் காட்டும். வழக்கமான மண் பரிசோதனையில் அமிலத்தன்மையும் சத்துக்களும் வரும், மருந்து எச்சம் வராது. அதற்குத் திரவ நிறப்பகுப்பியும் நிறை நிறமாலைமானியும் உள்ள ஆய்வகம் வேண்டும், செலவும் கூடுதல். சிறு தோட்டத்துக்கு அந்தப் பணத்தைச் செலவிடுவதைவிட எருவை ஆற வைப்பதுதான் புத்திசாலித்தனம்.

படி 5: நிலத்தில் வண்டு இருக்கிறதா என்று பாருங்கள்

ஆய்வகம் இல்லாமல் செய்யக்கூடிய சோதனை இது. ஜூன், ஜூலையில் செய்யுங்கள். மேய்ச்சலில் இரண்டு நாளான சாணி ஒன்றைத் தேர்ந்து, அடியில் 5 சென்டிமீட்டர் மண்ணோடு மண்வெட்டியால் அள்ளி, தண்ணீர் நிரப்பிய பெரிய வாளியில் போட்டு மெதுவாகக் கலக்குங்கள். 15 நிமிடத்தில் வண்டுகள் மேலே மிதந்து வரும். வடிகரண்டியால் எடுத்து எண்ணிவிட்டு, நிழலில் வேறு புதுச் சாணியின் மேல் விட்டுவிடுங்கள்.

அதே நாள் விழுந்த வேறு ஐந்தாறு சாணிக்குப் பக்கத்தில் குச்சி நட்டு அடையாளம் வையுங்கள், ஒரு மாதம் தொடாதீர்கள். நல்ல நிலத்தில் அது ஓட்டை ஓட்டையாகத் துளைக்கப்பட்டுத் தூளாகிவிடும், அடியில் சிறு மண் மேடுகள் இருக்கும். மேல் ஓடு இறுகி, புரட்டினால் அடியில் மண் தொடப்படாமல் இருந்தால் மருந்து காரணமாக இருக்கலாம். பிப்ரவரி, மார்ச் வறட்சியில் எந்தச் சாணியும் ஓடாக இறுகும், அதை வைத்து முடிவெடுக்காதீர்கள். கறையான் தின்று தீர்த்ததையும் வண்டின் வேலை என்று எண்ணிவிடக் கூடாது. கறையான் மண்பூச்சு போட்டுக்கொண்டு வரும், வண்டு போடாது.

படி 6: மாடு இறந்துபோனால்

பெங்களூரிலிருந்து 50 கிலோமீட்டர் அளவில் இருக்கும் ராமநகரத்தின் ராமதேவர பெட்டா, கருங்கழுத்துப் பாறு (பிணந்தின்னிக் கழுகு இனம்) கூடு கட்டும் பாறைக் குன்று. 2012-இல் அது பாறுகளுக்கான சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. டைக்ளோஃபெனாக் போட்ட மாட்டின் சடலத்தைத் தின்ற பாறுகள் சிறுநீரகம் செயலிழந்து சில நாட்களில் சாகின்றன. இந்தியாவில் வெண்முதுகுப் பாறு 1992-க்கும் 2007-க்கும் இடையில் 99 சதவீதத்துக்கும் மேல் அழிந்தது முதன்மையாக இந்த மருந்தால்தான். 2006-இல் மாட்டுக்கு டைக்ளோஃபெனாக் தடையானது. மனிதர்களுக்கான பெரிய புட்டியை வாங்கி மாட்டுக்குப் போட்டதால் 2015-இல் அந்தப் புட்டியும் 3 மில்லிக்குக் குறைக்கப்பட்டது. 2023-இல் கீட்டோப்ரோஃபென், ஏசெக்ளோஃபெனாக் இரண்டும் மாட்டுக்குத் தடை செய்யப்பட்டன. நிமெசுலைடும் பிறகு அந்தப் பட்டியலில் சேர்ந்தது. ஃப்ளூனிக்சினையும் தவிருங்கள். மெலாக்சிகாம், டோல்ஃபெனாமிக் அமிலம் இரண்டும் பாறுகளுக்குப் பாதுகாப்பானவை. காய்ச்சலுக்கோ மடிநோய்க்கோ ஊசி போடும்போது, மருத்துவர் புட்டியை எடுக்கும் நேரத்திலேயே இந்த இரண்டு பெயரில் ஒன்றைக் கேளுங்கள். சங்கடப்படத் தேவையில்லை, நல்ல மருத்துவர் யாரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

வலி மருந்து போட்ட ஒரு வாரத்துக்குள் மாடு இறந்தால் சடலத்தைத் திறந்த வெளியில் விடாதீர்கள். எந்த மருந்து என்று தெரியவில்லை என்றாலும் இதேதான். கிணற்றுக்கும் ஓடைக்கும் தள்ளி, 2 மீட்டர் ஆழத்தில் குழி வெட்டி, சுண்ணாம்பு தூவிப் புதையுங்கள். நரியும் நாயும் தோண்டாதபடி மேலே கல் அடுக்குங்கள். கருணைக்கொலை ஊசி போட்ட மாடு என்றால் இதில் துளியும் விட்டுக்கொடுக்கக் கூடாது, அதைத் தின்னும் பிராணிகளும் சாகக்கூடும். மாடு திடீரென்று இறந்து வயிறு ஊதி, மூக்கிலும் ஆசனவாயிலும் உறையாத ரத்தம் வந்தால் அடைப்பான் நோயாக இருக்கலாம். தொடாமல், அறுக்காமல் 1962 என்ற எண்ணில் கால்நடை உதவியை அழையுங்கள்.

காலிப் புட்டி, ஊசி, காலாவதியான மருந்து எதையும் எருக்குழியில் போடக் கூடாது. கழுவி ஊற்றவும் கூடாது. மூடியோடு ஒரு டப்பாவில் சேர்த்து வைத்து மருத்துவமனையில் திருப்பிக் கொடுங்கள். ஊசி முனைகளுக்குத் தடித்த பிளாஸ்டிக் புட்டி தனியாக வேண்டும்.

உங்கள் தொழுவ எருவை விற்பவராக இருந்தால், ஒவ்வொரு மூட்டையிலும் கடைசியாக மருந்து போட்ட தேதியையும் குவியல் கலந்த தேதியையும் அழியாத மையில் எழுதிக் கட்டுங்கள். மருந்துச் சாணிக் குவியலின் எருவைக் கீரை, முள்ளங்கி, கேரட் போடுபவருக்குத் தராமல், தென்னைக்கும் மாமரத்துக்கும் கேட்பவருக்குக் கொடுங்கள்.